அம்மாவுக்கு ஒரு வாரம் ஓய்வு

நான் பிளஸ் ஒன் படித்த ஆண்டு, 2003 செப்டம்பர் கடைசியில், எங்கள் பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் எங்கள் ஊரிலேயே நடந்தது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டிருந்தார்கள். ஐம்பது பேர், ஏழு நாள். ஊரின் தொடக்கப்பள்ளிதான் முகாம் நடக்கும் இடம். அந்தப் பள்ளியில்தான் நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அந்தப் பள்ளியைப் பெருக்குகிறவர் என் அம்மா.

அம்மாவுக்கு அது அரசாங்க வேலை கிடையாது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசி மாதம் முந்நூறு ரூபாய் கொடுத்தார்கள். காலையில் வகுப்பறைகள், சாயங்காலம் கக்கூஸ். நடுவில் நடவு இருந்தால் நடவு, களை இருந்தால் களை, மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் மல்லாட்டை. விளக்குமாறு வீட்டிலிருந்து எடுத்துப்போவார். தென்னங்கீற்றைக் கிழித்து ஆயா கட்டிக் கொடுப்பது.

முகாமின் முதல் நாள் வழக்கம்போல விளக்குமாற்றோடு அம்மா வந்து நின்றார். நாங்கள் ஐம்பது பேரும் மைதானத்தில் வரிசையாக நின்றிருந்தோம். சட்டையில் சக்கரம் போட்ட பேட்ஜ். எங்கள் திட்ட அலுவலர் நல்ல மனிதர். யாரையும் அதட்டிப் பேசாதவர். அம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி, "இந்த ஒரு வாரம் நீங்க ஓய்வு எடுத்துக்குங்கம்மா, எல்லாம் எங்க பிள்ளைங்க பாத்துக்கும்" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அது என் அம்மா என்று என் வகுப்பில் யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. அம்மா என் பக்கம் ஒருமுறை பார்த்தார், பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இருபது வருடமாக யோசிக்கிறேன்.

அடுத்த மாதம் சம்பளம் இருநூற்று முப்பது ரூபாய்தான் வந்தது. ஏழு நாள் வேலைக்கு வரவில்லை என்று எழுபது ரூபாயைப் பிடித்துவிட்டார்கள். திட்ட அலுவலருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பிடித்தவர்களுக்கும் அதில் தவறு எதுவும் தெரிந்திருக்காது. வேலை செய்யவில்லை, சம்பளம் இல்லை. அவ்வளவுதான் கணக்கு. நான் சேவை செய்தேன். அதற்கான செலவு அம்மாவின் கணக்கில் ஏறியது.

*

முகாமில் என்ன செய்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். பையன்கள் ஏரிக்கரையில் சீமைக்கருவேல் வெட்டினார்கள், பள்ளிச் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்தார்கள், கோயிலைச் சுற்றிப் புல் செதுக்கினார்கள். பெண்கள் வகுப்பறைகளைப் பெருக்கிக் கழுவினோம், சமையலுக்குக் காய் நறுக்கினோம், சாப்பிட்ட இடத்தைத் துடைத்தோம். இப்படித்தான் பிரிக்க வேண்டும் என்று யாரும் உத்தரவு போடவில்லை. மண்வெட்டி ஒரு மூலையில் இருந்தது, விளக்குமாறு ஒரு மூலையில் இருந்தது. கால்கள் தாமாகப் போய் நின்றன. வீட்டில் பழகியதற்கு இங்கே வருகைப் பதிவேடு போட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

ஊர்த்தெருவுக்கு இப்படி வேலை நடந்தது. காலனிக்கு வேலை வரவில்லை, பேரணி வந்தது. நான்காம் நாள், சுத்தம் பற்றிய பதாகைகளைப் பிடித்துக்கொண்டு கோஷம் போட்டபடி எங்கள் தெருவுக்குள் நடந்தோம். என் கையிலும் ஒரு பதாகை. எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆயா உட்கார்ந்திருந்தார். தன் பேத்தி கோஷம் போட்டுக்கொண்டு போவதைக் கன்னத்தில் கைவைத்துப் பார்த்தார். எங்கள் தெருவில் சாக்கடை கிடையாது. தண்ணீர்க் குழாய் ஒன்றுதான், அதுவும் தெருக்கோடியில். ஊரைச் சுத்தம் செய்கிறவர்கள் குடியிருக்கும் தெருவில் போய் நாங்கள் சுத்தத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தோம். யாருக்குச் சேவை தேவை, யாருக்குப் புத்திமதி தேவை என்பதைச் சாதி முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறது. முகாமின் நிகழ்ச்சி நிரல் அதைத் தட்டச்சு செய்து கொடுத்தது.

இரவு தங்குவது பையன்கள் மட்டும். பெண்களை ஐந்து மணி பஸ்ஸில் அனுப்பிவிடுவார்கள். "பொம்பளப் பிள்ளைங்க, பொறுப்பு யாரு ஏத்துக்கிறது" என்பது காரணம். முகாமின் நல்ல பகுதி எல்லாம் இரவில்தான். நாடக ஒத்திகை, பாட்டு, அன்றைய வேலையைப் பற்றிப் பேசுவது, யாராவது ஒரு பேச்சாளர். பள்ளிக்கும் எங்கள் வீட்டுக்கும் கூப்பிடு தூரம். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டே அவர்கள் கைதட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நானும் அந்த முகாமில் ஓர் ஆள். சான்றிதழில் எனக்கும் ஏழு நாள்தான் எழுதியிருக்கிறது.

*

இந்தத் திட்டம் எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். படிப்பவர்களுக்கும் மக்களுக்கும் இடையே விழும் பள்ளத்தை எப்படி நிரப்புவது என்று சுதந்திரத்துக்குப் பிறகு பல கல்விக் குழுக்கள் யோசித்தன. கோத்தாரிக் குழுவும் பரிந்துரை செய்தது. காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, அப்போதைய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் சேர்ந்தவர்கள் 40,000 மாணவர்கள். 1985இல் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. தமிழ்நாடு அதைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்ட மாநிலங்களில் ஒன்று. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுக்கு 240 மணி நேரம், இடையில் ஏழு நாள் சிறப்பு முகாம். முடித்தால் சான்றிதழ். பேட்ஜில் இருப்பது கோனார்க் சூரியக் கோயிலின் தேர்ச்சக்கரம். அதன் எட்டு ஆரங்கள் ஒரு நாளின் இருபத்து நான்கு மணி நேரத்தைக் குறிக்கின்றன. எந்நேரமும் தயாராக இருப்பவர் என்று அர்த்தம். 'நானல்ல, நீ' என்பது திட்டத்தின் முழக்கம்.

ஒரு கல்லூரிப் பையனுக்கு இது நல்ல பாடம். அவன் உலகத்தில் 'நான்' ஏற்கெனவே நிறைய இருக்கிறது. சாப்பாடு தட்டில் வரும், துவைத்த சட்டை கொடியில் இருக்கும். அவனிடம் கொஞ்சம் தள்ளி நில், அடுத்தவரைப் பார் என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் என்னோடு முகாமுக்கு வந்த பெண்களில் 'நானல்ல' என்பதைப் பதினாறு வயதில் புதிதாகக் கற்றவர் யாரும் கிடையாது. தம்பி தின்ற பிறகு தின்றவர்கள், அண்ணன் படிக்க விளக்கை விட்டுக் கொடுத்தவர்கள், இருபத்து நான்கு மணி நேரமும் தயாராக இருந்தவர்கள். அந்தச் சக்கரத்தைச் சட்டையில் குத்தும் முன்பே அது எங்கள் வீடுகளில் சுற்றிக்கொண்டிருந்தது.

2019இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் ஓர் எண் இருக்கிறது. வீட்டுக்குள் கூலியில்லா வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவிடுவது 299 நிமிடம். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். இதில் ஆண்களில் நூற்றுக்கு இருபத்தாறு பேர்தான் அந்த வேலையில் கையே வைக்கிறார்கள், பெண்களில் எண்பத்தொன்று பேர். நான் ஒரு நாள் கணக்குப் போட்டேன். ஒரு பெண்ணின் 299 நிமிடத்தை வைத்துப் பார்த்தால், இரண்டு ஆண்டு சேவைக்கான 240 மணி நேரம் 48 நாளில் முடிந்துவிடுகிறது. சரியாக ஒரு மண்டலம். ஒரு மண்டலத்துக்கு ஒரு சான்றிதழ் என்றால் என் அம்மாவுக்கு வருடத்துக்கு ஏழு சான்றிதழ் கொடுக்க வேண்டும்.

*

இப்படியெல்லாம் சொன்னால், பெண்பிள்ளைகள் இந்தப் பக்கமே போக வேண்டாம் என்று நான் சொல்வதாகப் படும். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. எனக்கு வெளியே போகக் கிடைத்த முதல் காரணம் அதுதான்.

பிளஸ் ஒன் சேர்ந்தபோது ஆதிதிராவிட மாணவி என்று அரசு இலவச சைக்கிள் கொடுத்தது. சைக்கிள் இருந்தது, அதில் போக இடம் இல்லை. பள்ளிக்கூடம், வீடு, ரேஷன் கடை. போலியோ சொட்டு மருந்து முகாம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் போக வேண்டும், சார் சொல்லியிருக்கிறார் என்றதும் அப்பா ஒன்றும் பேசவில்லை. சும்மா தோழி வீட்டுக்குப் போகிறேன் என்றால் நூறு கேள்வி கேட்பவர். அன்று சின்னப் பிள்ளைகளின் விரலில் மை வைத்தேன். விட்டுப்போன வீடுகளைத் தேடித் தெருத்தெருவாகப் போனேன். ஊர்த்தெரு வீடுகளின் வாசலில் நின்று, "அக்கா, அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைங்க இருக்காங்களா?" என்று சத்தமாகக் கேட்டேன். நாங்கள் சாதாரணமாக அந்த வாசலில் போய் நிற்பது கூலி வாங்கத்தான், அதுவும் தள்ளி நின்று. அன்று கையில் நோட்டு இருந்தது, சட்டையில் பேட்ஜ் இருந்தது. ஒரு வீட்டில் உள்ளே வரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். சொம்பை வாங்கும்போது கை நடுங்கியது.

பெண்கள் ஒன்றுசேர்ந்து வெளியே போன இடத்திலெல்லாம் இப்படி ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். எழுத்தறிவு என்ற காரணம் அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. சைக்கிள் அவர்களை அடுத்த ஊருக்குக் கொண்டுபோனது. எனக்குச் சொட்டு மருந்து. பையன்களுக்கு வெளியே போக எந்தக் காரணமும் வேண்டியதில்லை. எங்களுக்கு இன்னொருவருக்கு உதவப் போகிறோம் என்றால்தான் வாசல் திறக்கும். 'நீ' என்று சொல்லிக்கொண்டு போய்த்தான் நாங்கள் 'நான்' என்பதைக் கண்டெடுத்தோம். ஆகவே அந்த வாசலை மூடச் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் நுழைய நாங்கள் கொடுக்கும் விலை என்ன, அதை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பேன்.

ஏனென்றால் அந்த விலை பள்ளியோடு முடிவதில்லை. 2021 அக்டோபர் 27 அன்று, எங்கள் மரக்காணத்துக்குப் பக்கத்தில் முதலியார்குப்பத்தில்தான் முதலமைச்சர் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கொரோனாவில் பள்ளியை விட்டு விலகிப்போன பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் தெருவிலேயே பாடம். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அதற்குத் தன்னார்வலர்களாக வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணும் சேர்ந்தாள். பட்டம் வாங்கிவிட்டு, கல்யாணமாகி, குழந்தையோடு வீட்டில் இருந்தவள். "சொந்தத் தெருவுலதானக்கா, அதனாலதான் வீட்ல விட்டாங்க" என்றாள். அந்தப் பிள்ளைகள் மறுபடி எழுத்துக் கூட்டிப் படித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவள் முகத்தில் வந்த தெளிவையும் பார்த்தேன். ஒரு படித்த பெண்ணின் ஒரு மாதத்துச் சாயங்காலங்களின் விலை ஆயிரம் ரூபாய் என்பதையும் சேர்த்தே பார்த்தேன்.

அங்கன்வாடி 1975இல் தொடங்கியது. ஐம்பது வருடமாக அந்தப் பெண்களை மத்திய அரசு மதிப்பூதியம் பெறும் கௌரவப் பணியாளர்கள் என்றுதான் சொல்கிறது. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 வரை ஆனது. கௌரவம், ஊக்கம், தன்னார்வம், சேவை. சம்பளம் என்ற சொல்லைத் தவிர்க்க நமக்கு எத்தனை நல்ல சொற்கள் இருக்கின்றன. 2023இல் வந்த மகளிர் தொகையும் மாதம் ஆயிரம் ரூபாய்தான். ஆனால் அதன் பெயரில் 'உரிமை' என்று ஒரு சொல்லை வைத்தார்கள். தொகை சிறியது, சொல் பெரியது. அந்தச் சொல்லுக்காக அதை நான் மதிக்கிறேன்.

*

இப்போது நான் விழுப்புரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுநிலை ஆசிரியை. சில வருடம் முன்பு நாட்டு நலப்பணித் திட்டத்தை என் தலையில் கட்டினார்கள். யாருக்கும் வேண்டாத வேலை. பில், வவுச்சர், போட்டோ, அறிக்கை. நான் மறுக்கவில்லை.

முதல் கூட்டத்தில் பிள்ளைகளை ஒரு வாரம் நாட்குறிப்பு எழுதச் சொல்வேன். காலை எழுந்ததிலிருந்து படுக்கும் வரை யாருக்காக என்ன செய்தாய், எத்தனை மணி நேரம். பெண்பிள்ளைகள், பையன்கள் இருவரும். பையன்களை இளப்பமாகச் சொல்லிவிட முடியாது. விடியற்காலை ஐந்தரைக்குப் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வரும் பையன் இருக்கிறான். ஆனால் அவன் அதை வேலை என்று எழுதுகிறான். ஒரு பெண், சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை 'சும்மா இருந்தேன்' என்று எழுதியிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். "தம்பிப் பாப்பாவத் தூளியில போட்டு ஆட்டிக்கிட்டே படிச்சேன் மிஸ்" என்றாள். அந்த 'சும்மா'வை அடித்துவிட்டு அவள் கையாலேயே 'குழந்தை பார்த்தேன், ஒரு மணி நேரம்' என்று எழுத வைத்தேன். திட்டத்தின் கணக்கில் அந்த ஒரு மணி நேரம் சேராது. அவள் கணக்கில் சேர வேண்டும்.

முகாமில் மண்வெட்டியும் விளக்குமாறும் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் கைக்கு வரும். சமையல்கட்டுக்குப் பையன்களும் போவார்கள். ஒரு வருடம் ஓர் அப்பா வந்து, "படிக்கிற பையனப் போயி பாத்திரம் கழுவ வுடுறீங்களே மேடம்" என்று வருத்தப்பட்டார். "நாட்டு நலப்பணிங்கய்யா" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பெண்பிள்ளைகள் இரவு தங்குகிறார்கள். நானும் இன்னொரு ஆசிரியையும் அவர்களோடு பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறோம். முதல் முறை போன பள்ளியில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அந்த முகாமின் முதல் வேலை தாழ்ப்பாள் போட்டதுதான். இரண்டு பெண்கள் ஸ்க்ரூடிரைவர் பிடித்துப் போட்டார்கள். அறிக்கையில் அதை எழுதினேன். அதற்குத் தனித் தலைப்பு எதுவும் இல்லாததால் 'இதர பணிகள்' என்ற இடத்தில் எழுதினேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். ஊர்த் தலைவரிடம், தலைமையாசிரியரிடம், காலனியில் போய் அங்கிருப்பவர்களிடமும். நாங்கள் செய்யப்போகும் இந்த வேலையை இங்கே இப்போது யார் கூலிக்குச் செய்கிறார்கள்? அப்படி ஒருவர் இருந்தால் அந்த வேலையை நாங்கள் எடுப்பதில்லை. எடுத்தே ஆக வேண்டும் என்றால் அந்த வாரச் சம்பளம் பிடிக்கப்படாது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான். அந்த அம்மாளையே கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு வேலையைக் காட்டிக் கொடுக்கச் சொல்கிறேன். வகுப்பறையைப் பெருக்கும்போது தூசு கிளம்பாமல் எப்படித் தண்ணீர் தெளிப்பது என்று ஐம்பது பிள்ளைகளுக்கு ஓர் அம்மாள் நின்று சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் அவரை 'மிஸ்' என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் அந்த எழுபது ரூபாயைப் பற்றிப் பேசினேன். முதல் நாள் நான் கைதட்டியதையும் சொன்னேன். எத்தனையோ வருடம் தொண்டையில் வைத்திருந்தது. அம்மாவுக்கு எழுபது ரூபாய் ஞாபகமே இல்லை. நான் திரும்பிப் பார்க்காதது ஞாபகம் இருந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, அவரும் அதற்குள் போகவில்லை.

"சும்மாவா இருந்தேன்? மல்லாட்ட புடுங்கப் போய்ட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க ஆறு புதுத் தொடப்பம் வாங்கியாந்து போட்டுட்டுப் போனீங்க பாரு, அத வச்சித்தான் ஒரு வருசம் ஓட்டினேன். அந்த வருசம் ஆயாவுக்குக் கீத்து கிழிக்கிற வேல மிச்சம்" என்றார்.